ஒருவருக்கு ஆட்டிசம், ஒருவருக்கு இல்லை: காதல், கல்யாணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கணவருக்கு ஆட்டிசம் உண்டு. எனக்கு இல்லை. இது நாலு பேருக்குத் தெரிந்த நாளிலிருந்து உறவுக்காரப் பெண்கள், அலுவலகத் தோழிகள், பிள்ளைக்கு வரன் பார்க்கும் அம்மாக்கள் என்று பலரும் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய் ஏதாவது கேட்கிறார்கள். பெரும்பாலும் கல்யாண வீட்டில், பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில். ஆட்டிசம் உள்ள இளைஞர்கள் சிலர் வாட்ஸ்அப்பில் கேட்பதுண்டு. அவர்களுடைய கேள்விகள்தான் ரொம்பத் தெளிவாக இருக்கும். கேட்டவர் யாரென்று தெரியாதபடி மாற்றி, பதில்களோடு இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. படித்ததும் பட்டதும் கலந்துதான் இருக்கும். என் கணவரும் படித்துப் பார்த்தார். ஓரிடத்தில் அவருக்கு உடன்பாடில்லை, அதையும் சொல்லியிருக்கிறேன்.

ஆட்டிசம் என்றால் சுருக்கமாக என்ன?

மூளை வளரும் விதத்திலேயே இருக்கும் வேறுபாடு. பிறவியிலேயே வருவது, ஆயுள் முழுக்க இருப்பது. மதியிறுக்கம் என்றும் எழுதுவார்கள். பிறரோடு பேசிப் பழகும் விதம் மாறியிருக்கும்; ஒழுங்கு குலையாமல் எல்லாம் நடக்கவேண்டும் என்ற பிடிப்பும் சில விஷயங்களில் ஆழ்ந்த ஈடுபாடும் இருக்கும்; ஒலி, ஒளி, வாசனை, தொடுதல் ஆகியவை மற்றவர்களைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ உறைக்கும். ஆஸ்பெர்கர் என்று முன்பு தனியாகச் சொன்னதையும் 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதற்குள்ளேயே சேர்த்துவிட்டது.

சிங்கப்பூரில் 150 பிள்ளைகளில் ஒருவருக்கு என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் கணக்கு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக இங்கே பாத்லைட் பள்ளி தொடங்கியது 2004இல். அதன் ஆரம்ப கால மாணவர்கள் இப்போது வேலைக்குப் போகிறார்கள், யாரையோ விரும்புகிறார்கள். அதனால்தான் இந்தக் கேள்விகள் இப்போது இவ்வளவு வருகின்றன.

தடுப்பூசியால் வந்தது என்று யாராவது பந்தியில் ஆரம்பித்தால், அந்தக் கதையைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது என்று சொல்லிவிட்டு இன்னோர் அப்பளம் கேளுங்கள்.

அக்கா, அவங்களுக்குக் காதல் எல்லாம் வருமா? உணர்ச்சியே இருக்காதுன்னு சொல்றாங்களே.

தாராளமாக வரும். உணர்ச்சி வெளியே தெரியும் விதம்தான் வேறு.

எங்கள் அப்பா மருத்துவமனையில் இருந்தபோது உறவினர் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணும் ஆகாதும்மா" என்றார்கள். என் கணவர் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. முக்கால் மணி நேரம் கழித்துக் கையில் ஒரு பையோடு திரும்பி வந்தார். உள்ளே அப்பாவின் பல்செட் டப்பா, நீளமான ஒயர் வைத்த சார்ஜர், வார்டு குளிருக்கு என் ஸ்வெட்டர், பார்வையாளர் நேரத்தை எழுதிய தாள். "ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியாதே, தெரியாததை எப்படிச் சொல்றது?" என்று அப்புறம் கேட்டார்.

இன்னொன்றும் உண்டு. தன் மனத்தில் ஓடுவது வருத்தமா, பயமா, கோபமா என்று தனக்கே பெயர் சொல்ல வராத நிலையை அலெக்சிதைமியா என்பார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. "இப்ப உனக்கு என்ன தோணுது, சொல்லு" என்று நெருக்கினால் முழிப்பார்கள். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது பதில் வரும். நம் அவசரத்தில் அதற்குள் நாமே ஒரு பதிலை எழுதிவிடுகிறோம்.

டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், தானும் ஆட்டிசம் உள்ளவர், 2012இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை நன்றாகச் சொன்னார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் புரிவதில்லை என்று மட்டுமே பேசுகிறோம். மற்றவர்களுக்கும் அவர் மனம் அதே அளவு புரிவதில்லை, அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, அதனால் சரிசெய்யும் வேலையும் இரண்டு பக்கமும் இருக்கிறது. கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்து வருபவைதான்.

சாடையா எவ்வளவோ சொல்லிட்டேன். அவருக்குப் புரியவே மாட்டேங்குது. என்னைப் பிடிக்கலையோ?

புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். பிடித்திருக்கிறதா என்பதை வாயைத் திறந்துதான் கேட்கவேண்டும்.

நம் வீடுகளில் பாதிப் பேச்சு சாடையில்தான் ஓடுகிறது. விருந்துக்குப் போனால் "போதும், வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று இரண்டு தடவை சொல்லவேண்டும், மூன்றாவது தடவை வைத்தால் சாப்பிடவேண்டும். "நீங்கல்லாம் எங்க வீட்டுக்கு வருவீங்களா" என்று அத்தை சொன்னால் அது அழைப்பு, கூடவே ஒரு மனத்தாங்கலும். இதையெல்லாம் யாரும் நம்மை உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை, தானாகப் படிந்துவிட்டது. என் கணவருக்குப் படியவில்லை. முதல் தடவை "போதும்" என்றால் போதும் என்றே எடுத்துக்கொள்வார். எங்கள் வீட்டு விருந்திலிருந்து என் சித்தி அரைவயிற்றோடு போன கதை இன்றும் குடும்பத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கல்யாணமான புதிதில் ஒரு மாலை, அடுப்படியில் நின்றபடி "குப்பை நிறைஞ்சு வழியுதே" என்றேன். அவர் எழுந்து வந்தார், எட்டிப் பார்த்தார், "ஆமா, நிறைஞ்சிருக்கு" என்று ஒத்துக்கொண்டார், திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார். நான் அன்று இரவு முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். அது அவர் கண்ணில் படவே இல்லை. "சாப்பிடறதுக்கு முன்னாடி குப்பையைக் கட்டிப் போட்டுடுங்க" என்று சொன்னால் அடுத்த நிமிடம் வேலை முடிந்திருக்கும்.

ஆகவே "இந்த வாரம் சனிக்கிழமை ரொம்ப போர்" என்று அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். "எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது, நண்பராக மட்டும் இல்லை. உங்களுக்கும் அப்படித் தோன்றுகிறதா? யோசித்து ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் போதும்" என்று அனுப்புங்கள். கவிதையாக இல்லை, சரி. பதில் வரும்.

நேராகப் பேசுவதை ஆட்டிசம் இல்லாதவர் செய்யும் ஒரு விட்டுக்கொடுத்தலாகவே நான் பார்க்கிறேன். கணவருக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான். எல்லாருமே இப்படித்தான் பேசவேண்டும், இதில் விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது என்கிறார். சாடை இல்லாத ஒரு தமிழ்க் குடும்பத்தை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. வழக்கு நிலுவையில் இருக்கிறது.

முதல் சந்திப்புக்கு எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வேண்டாம். கூட்டம், கடைக்குக் கடை ஒரு பாட்டு, ஈரச்சந்தை மீன் வாடை, மல்லிகை, வண்டி ஹாரன். சத்தங்களில் வேண்டியதை மட்டும் பிரித்துக் கேட்கும் வசதி நமக்கு இருக்கிறது. அது இல்லாத ஒருவர் உங்கள் குரலைத் தேடிப் பிடிப்பதிலேயே களைத்துப்போவார். உணவங்காடி நிலையம்தான் என்றால், மதியக் கூட்டம் கலைந்த மூன்று மணி நல்ல நேரம்.

எங்களுக்கு சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம் அமைந்தது. அவர் தேர்வு. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கேயிருந்து கரையோரப் பறவைகள் வந்து இரை தேடும் இடம். எனக்கு அப்போது காகத்தையும் மைனாவையும் தவிர ஒன்றும் தெரியாது, கொசு வேறு கடித்தது. ஆனால் எதிரெதிராக உட்கார்ந்து முகத்தையே பார்த்துப் பேசவேண்டிய கட்டாயம் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நடந்தபடி, இருவரும் ஒரே பக்கம் பார்த்தபடி பேச்சு வந்தது. நடுவே பேச்சு நின்றாலும் யாருக்கும் சங்கடமில்லை.

எங்கே, எத்தனை மணி, எவ்வளவு நேரம், காசு யார் கொடுப்பது, எல்லாவற்றையும் முன்பே மெசேஜில் சொல்லிவிடுங்கள். மழை வந்தால் என்ன செய்வது என்பதையும். நம் ஊரில் அது முக்கியம்.

கண்ணைப் பார்த்தே பேச மாட்டேங்கிறார். ஏதாவது மறைக்கிறாரோ?

பார்த்தால் கேட்க முடியவில்லை, கேட்டால் பார்க்க முடியவில்லை என்பார்கள். காது உங்களிடம்தான் இருக்கிறது. விட்டுவிடுங்கள்.

எனக்கு ஆட்டிசம். பழகிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் எப்போது சொல்வது?

டேட்டிங் செயலியில் முதல் வரியிலேயே போடவேண்டும் என்ற கடமை எதுவும் கிடையாது. போட்டால் சரிப்படாதவர்கள் தாமாக விலகுவார்கள், அது ஒரு வசதி. ஏமாற்ற ஆள் தேடுபவர் கண்ணிலும் படும், அது தொல்லை.

என் அபிப்பிராயம்: இருவருமே 'இது தொடரலாம்' என்று நினைக்கும் கட்டத்தில், அவருடைய வீட்டாரைச் சந்திக்கும் முன். வெறுமனே பெயரை மட்டும் சொன்னால் அவர் இணையத்தில் தேடி, தொலைக்காட்சி நாடகத்தில் வரும் மேதையையோ எதுவும் முடியாத ஒருவரையோ கற்பனை செய்துகொள்வார். உங்கள் விஷயத்தில் அது எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "எனக்கு ஆட்டிசம் இருக்கு. கூட்டத்துல சீக்கிரம் களைச்சுப்போவேன். திட்டம் திடீர்னு மாறினா பழகிக்கக் கொஞ்ச நேரம் வேணும். நீ கோபமா இருக்கேன்னா வாயால சொன்னாத்தான் எனக்குத் தெரியும். கேள்வி இருந்தா கேளு." இவ்வளவுதான். அவர் யோசிக்க நேரம் கேட்டால் கொடுங்கள், எப்போது மறுபடி பேசலாம் என்று மட்டும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் பழகி நேரில் வராமலே இருக்கும் ஒருவர் பணமோ வங்கி விவரமோ கேட்டால், காரணம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அனுப்பவேண்டாம். சந்தேகமாக இருந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799ஐ அழைத்துக் கேட்கலாம். பிறர் சொல்வதை அப்படியே நம்புவது நல்ல குணம்தான், காதல் மோசடிக்காரர்களுக்கும் அது தெரியும்.

நீலக் குறி வந்துவிட்டது, பதில் வரவில்லை.

அதில் கேள்வி இருந்ததா? "இப்பதான் சாப்பிட்டேன்" என்பதற்கு என்ன பதில் போடுவது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. கேள்வியாகக் கேட்டும் ஒரு நாள் ஆகிவிட்டது என்றால் இன்னொரு தடவை கேளுங்கள். அதற்கும் இல்லையென்றால் ஆட்டிசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லாமலும் இருக்கலாம்.

எப்பப் பார்த்தாலும் ஒரே விஷயத்தையே பேசுகிறார்.

எங்கள் வீட்டில் அது இருவாய்ச்சி. சிங்கப்பூரிலிருந்து மறைந்தே போயிருந்த பறவை, 1990களில் புலாவ் உபினில் மறுபடி தென்பட்டு, இப்போது பாசிர் ரிஸ், சாங்கி பக்கமெல்லாம் சாதாரணமாகப் பறக்கிறது. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும், ஆண் வெளியிலிருந்து ஊட்டும். பாருங்கள், எனக்கே வந்துவிட்டது.

தனக்கு ரொம்பப் பிடித்ததை உங்களிடம் சொல்கிறார் என்றால் உங்களைத் தன் வட்டத்துக்குள் அழைக்கிறார் என்று பொருள். ஆனால் இரவு பதினோரு மணிக்கு அலகு அளவு பற்றிக் கேட்கவேண்டிய கட்டாயம் உங்களுக்கில்லை. "இன்னும் அஞ்சு நிமிஷம் கேக்கறேன், அப்புறம் ஆபீஸ்ல நடந்ததை நான் சொல்லணும்" என்று சொல்லுங்கள். நமக்கு இது மரியாதைக் குறைவாகத் தோன்றும். அவர் முகத்தில் நிம்மதிதான் தெரியும்.

திடீரென்று வெடிக்கிறார். இல்லாவிட்டால் மணிக்கணக்கில் பேச்சே இல்லை. நான் என்ன செய்ய?

சத்தம், வெளிச்சம், திட்டம் மாறியது, அன்று முழுவதும் ஆட்களோடு இருந்தது எல்லாம் சேர்ந்து தாங்க முடியாத கட்டத்துக்கு வந்தால் சிலர் அழுவார்கள், கத்துவார்கள். சிலருக்குப் பேச்சே வராது. வேண்டுமென்று செய்வது இல்லை. தீபாவளி அன்று நான்கு வீடு போய்விட்டு வந்த இரவில் இதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் "என்ன ஆச்சு, ஏன் இப்படி" என்று கேட்டுக்கொண்டிருப்பது இன்னொரு சத்தம். விளக்கை அணையுங்கள், மின்விசிறியை அவருக்கு வேண்டிய அளவில் வையுங்கள், கேட்காமல் தொடாதீர்கள். பேசவேண்டியதை மறுநாள் பேசலாம். எங்களுக்கு இப்போது ஒரு நாளைக்கு இரண்டு வீடுதான், மூன்றாவது வீட்டுக்கு நான் மட்டும் பலகாரத்தோடு போவேன். முதல் வருடம் கேள்வி வந்தது. இப்போது "மாப்பிள்ளை தூங்குறாரா" என்று அவர்களே முடித்துவிடுகிறார்கள்.

ஆனால் அடிப்பது, பொருளை உங்கள்மேல் எறிவது, உங்கள் சம்பளத்தையோ கைப்பேசியையோ பிடுங்கிவைத்துக்கொள்வது, இதற்கெல்லாம் ஆட்டிசம் காரணம் ஆகாது. வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண் 1800-777-0000இல் இருபத்துநான்கு மணி நேரமும் உதவி கிடைக்கும். எதிர்ப்பக்கமும் நடக்கிறது. "எல்லா ஜோடியும் இப்படித்தான், உனக்குத்தான் தெரியலை" என்று ஆட்டிசம் உள்ளவரை நம்பவைத்து ஆட்டிவைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் அதே எண்தான்.

தொட்டால் விலகுகிறார். நெருக்கத்தில் விருப்பமில்லையா?

லேசாக வருடினால் எரிச்சல், இறுக்கி அணைத்தால் நிம்மதி என்பவர்கள் உண்டு. நேர்மாறாகவும் உண்டு. வாசனைத் தைலம், போர்வைத் துணி, ஏர்கான் சத்தம்கூடக் குறுக்கே வரும். இதை அந்த நேரத்தில் பேசாதீர்கள். வேறொரு நாள், ஆடை உடுத்தி, கையில் காப்பியோடு உட்கார்ந்து, எது பிடிக்கும் எது பிடிக்காது என்று ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். எழுதிக் காட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

சும்மா இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, பேச்சு வராமல் உறைந்துபோயிருக்கலாம். "சரி" என்ற வார்த்தை வரவேண்டும். 2020 முதல் சிங்கப்பூரில் கணவன் மனைவிக்குள்ளும் சம்மதமில்லாத உறவு குற்றம்தான்.

எங்க பையனுக்குப் பொண்ணுங்க மேல ஆர்வமே இல்லை. ஆட்டிசத்தாலயா?

தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களும், காதல் காமம் எதிலும் நாட்டமில்லாதவர்களும் ஆட்டிசம் உள்ளவர்களிடையே அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. உங்கள் பையன் இதில் எது, அல்லது எதுவுமே இல்லையா என்பது அவனுக்குத்தான் தெரியும். கேட்பதென்றால் பதிலைத் தாங்கிக்கொள்ளத் தயாரான பிறகு கேளுங்கள்.

இது ஆண்களுக்கு வருவதுதானே? என் தோழி தனக்கும் இருக்கலாம் என்கிறாள்.

ஆண்களிடம்தான் அதிகம் கண்டறியப்படுகிறது. பெண்கள் கண்ணில் படாமல் போவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் வீட்டுப் பெண்ணுக்கு எப்படிச் சிரிக்கவேண்டும், எப்படி உட்காரவேண்டும், யார் வந்தால் எழுந்து நிற்கவேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே பயிற்சி நடக்கிறது. அதையெல்லாம் மனப்பாடமாக நடித்துக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். காதலிலும் இது சிக்கல். முதல் ஆறு மாதம் பார்த்த கலகலப்பான பெண் எங்கே போனாள் என்று காதலன் கேட்பான். நடிப்பதை நிறுத்தும் அளவுக்கு அவனை நம்பியிருக்கிறாள்.

பெரியவர்களும் பரிசோதித்துக்கொள்ளலாம். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரை வாங்கி மனநலக் கழகத்துக்குப் போகலாம்; அங்கே பெரியவர்களுக்கான நரம்பு வளர்ச்சிச் சேவைப் பிரிவு இருக்கிறது. தனியார் உளவியலாளரிடமும் போகலாம், செலவு கூடும். ஆட்டிசம் ரிசோர்ஸ் சென்டரிலும் வழி கேட்கலாம். சண்டைக்கு நடுவில் "உனக்கு ஆட்டிசமா இருக்கும்" என்று நீங்களே முத்திரை குத்துவது மட்டும் வேண்டாம்.

ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்னு வீட்ல சொல்றாங்க. பெண் வீட்டாரிடம் சொல்லணுமா?

சொல்லவேண்டும். தாலி கட்டும் முன், நிச்சயத்துக்கும் முன். சொல்லவேண்டியது பையன், அல்லது பெண். தரகரோ பெரியம்மாவோ இல்லை.

கால்கட்டு போட்டு ஆட்டிசம் சரியாகாது. சரியாக வேண்டியது ஒன்றும் அதில் இல்லை, அது அவர் இருக்கும் விதம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்று பழமொழி சொல்லிக்கொண்டு ஒரு தாயார் என்னிடம் வாதாடினார். பையன் சிங்கப்பூரில் நல்ல வேலை, சொந்த ஊரில் பெண் பார்த்திருக்கிறார்கள், "அவன் கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். அந்தப் பெண் நீண்டகால வருகை அனுமதியில் வருவாள், அந்த அனுமதிக்கே கணவன்தான் ஆதரவாளர். ஊரும் தெரியாது, ஆளும் தெரியாது. வீட்டில் அவர் பேசாமல் இருந்தால் தன்னிடம்தான் குறை என்று நினைப்பாள். பையனோ நாள் முழுக்க நடித்தாகவேண்டும், வீடும் இன்னோர் அலுவலகமாகிவிடும். இரண்டு பேரையும் மாட்டிவிட்டு அம்மா கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவார்.

சட்டப்படி பார்த்தாலும், ஆட்டிசம் இருப்பதால் மட்டும் இங்கே யாருடைய திருமண உரிமையும் போய்விடாது. 2008ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் உண்டு என்று கொண்டுதான் தொடங்குகிறது. இல்லை என்பவர்தான் நிரூபிக்கவேண்டும். இன்னொருவருக்காகத் திருமணச் சம்மதம் கொடுக்கும் அதிகாரத்தையும் அந்தச் சட்டம் யாருக்கும் தருவதில்லை. பெற்றோருக்கும்தான். பையனிடம் "உனக்குக் கல்யாணம் வேண்டுமா" என்று யாராவது கேட்டீர்களா என்று அந்தத் தாயாரிடம் கேட்டேன். அடுத்த பந்திக்குக் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்துவிட்டார்.

சொன்னால் வரன் போய்விடாதா? சில போகும்.

அவரிடம் "பிடிஓ போடலாமா" என்று கேட்டேன். எந்த எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கம் என்று பட்டியல் அனுப்பியிருக்கிறார். இது சம்மதமா?

இதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன், மன்னிக்கவும். பிடிஓ என்பது அரசு கட்டித்தரும் புது வீட்டுக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது. சிங்கப்பூரில் வீடு விண்ணப்பிக்கலாமா என்று கேட்பதுதான் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்பது. நம் ஊரின் ஆகப்பெரிய சாடை. அவர் வீடு பற்றிய கேள்விக்கு வீடு பற்றிப் பதில் சொல்லியிருக்கிறார். "நாம் கல்யாணம் செய்துகொள்ளலாமா?" என்று தனியாகக் கேளுங்கள். பட்டியல் போட்டிருக்கும் அக்கறையைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கையாக இருக்கிறது.

வீடு கிடைக்கப் பல ஆண்டு ஆகலாம், நிச்சயித்த ஜோடிகளுக்கான திட்டத்தில் விண்ணப்பித்தால் சாவி வாங்கி மூன்று மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் காட்டவேண்டும். இந்தத் தேதிகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். சாவி கிடைத்ததும், அலங்காரத்துக்கு முன்னால், அவருக்கென்று கதவு சாத்திக்கொள்ளும் ஒரு மூலை எது என்று முடிவு செய்யுங்கள். உங்களுக்கும் ஒன்று.

கல்யாண மண்டபத்தில் அவர் எப்படித் தாங்குவார்?

நாதஸ்வரமும் தவிலும் மூன்றடி தூரத்தில், வீடியோ விளக்கு முகத்தில், முந்நூறு பேர் கை குலுக்க வரிசையில். எனக்கே தலை சுற்றியது. நாங்கள் செய்தவை: தோல் நிறக் காதடைப்பான், யாருக்கும் தெரியவில்லை. முந்தைய வாரம் மண்டபத்துக்கு ஒரு தடவை போய் மேடையில் உட்கார்ந்து பார்த்தோம். எத்தனை மணிக்கு என்ன என்று ஐயரிடம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். ஐயர் நேரத்தை மதிக்கவில்லை, அது வேறு. முகூர்த்தம் முடிந்ததும் இருபது நிமிடம் மணமகன் அறையில் தனியாக. வாசலில் என் தம்பி காவல். பட்டு வேட்டிக்குப் பதில் பலமுறை துவைத்த பருத்தி வேட்டி, கரை மட்டும் அகலம். கெட்டிமேளம் எந்த நொடியில் வெடிக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். தம்பி விரலால் எண்ணிக் காட்டினான்.

பதிவுத் திருமணம், வீட்டார் மட்டும், ஒரு சாப்பாடு என்று முடித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். பதிவகத்தில் 21 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுத்தால் போதும். மொய் எழுதக் காத்திருப்பவர்களைச் சமாளிப்பது உங்கள் பாடு.

குழந்தைக்கும் வருமா?

வரலாம். மரபணுவின் பங்கு பெரிது. இரட்டையர் ஆய்வுகளை வைத்து அது 80 விழுக்காடு அளவில் இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் அது ஒரு தனிக் குழந்தைக்கு வரும் வாய்ப்பின் கணக்கு இல்லை. ஒற்றை மரபணுவால் வருவது இல்லையென்பதால் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. வந்தால், அதைப் புரிந்துகொள்ளும் ஒருவர் வீட்டிலேயே இருப்பார்.

எல்லாவற்றுக்கும் நானே அனுசரிக்கிறேன் அக்கா. எனக்கு யாரு?

இது நியாயமான கேள்வி, இதை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. விருந்தாளிகளை நான் பார்க்கிறேன், போன் பேசுவது நான், அவருடைய அம்மாவுக்கும் அவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பதும் நான். அலுப்பு வருகிறது. அன்பு இருந்தால் அலுப்பு வராது என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

எங்கள் வீட்டில் வேலைகளைச் சரிபாதியாகப் பிரிக்கவில்லை, யாருக்கு எது குறைவாக வலிக்கிறதோ அதன்படி பிரித்திருக்கிறோம். வரி, காப்புறுதி, துணி, பாத்திரம், வீட்டுக் கடன் முழுக்க அவர். மனிதர்கள் நான். அப்புறம், எனக்கு ஆறுதல் வேண்டும்போது என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்: "இப்ப யோசனை சொல்லவேண்டாம், பத்து நிமிஷம் பக்கத்துல உட்காருங்க." பத்து நிமிடம் உட்கார்வார். சில சமயம் கடிகாரத்தைப் பார்ப்பார். அதைத் தாண்டி வேண்டியதை என் அக்காவிடமும் இரண்டு தோழிகளிடமும் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் வட்டாரத்துக் குடும்பச் சேவை நிலையத்தில் ஆலோசகரைப் பார்க்கலாம், ஆட்டிசம் பற்றித் தெரிந்தவரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தெரியாதவர் "இருவரும் மனம்விட்டுப் பேசுங்கள்" என்று அனுப்பிவிடுவார்.

பிரிந்துவிடலாம் என்று இருக்கிறேன். எப்படிச் சொல்வது?

"கொஞ்ச நாள் இடைவெளி வேணும்" என்று சொன்னால் எத்தனை நாள் என்று கேட்பார், அந்த நாள் முடிந்ததும் வந்து நிற்பார். வேலை அதிகம் என்றால் வேலை குறையும்வரை காத்திருப்பார். பதில் போடாமல் மறைந்துபோவதைவிடக் கொடுமை வேறில்லை. "நம் உறவை நான் முடித்துக்கொள்கிறேன். இது மாறாது. இனி மெசேஜ் அனுப்பவேண்டாம், போன் செய்யவேண்டாம்" என்று எழுத்தில் சொல்லுங்கள். காரணம் ஒன்று சொல்லுங்கள், உண்மையானது.

இதைப் பெறும் பக்கத்தில் இருப்பவருக்கு: திரும்பத் திரும்ப எழுதி விளக்கம் கேட்டால் புரியவைத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம் என்று சொன்ன பிறகும் தொடர்ந்து மெசேஜ் அனுப்புவதும் அவர் வேலையிடத்தின் வாசலில் நிற்பதும் 2014ஆம் ஆண்டு தொல்லைத் தடுப்புச் சட்டத்தில் குற்றமாகலாம், மனத்தில் கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும். அந்த விளக்கக் கடிதத்தை எழுதுங்கள், ஒரு நண்பரிடம் படித்துக் காட்டுங்கள், அனுப்பாதீர்கள்.

இரண்டு பேருக்குமே ஆட்டிசம் என்றால் சுலபமா?

பேச்சு சுலபமாகலாம். எடின்பரோவில் கேத்தரின் குரோம்ப்டன் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கதையை ஆள் மாற்றி ஆள் சொல்லவைத்துப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் சொன்னபோது, இல்லாதவர்கள் தங்களுக்குள் சொன்ன அளவுக்கே கதை சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தது. இருவகையினரும் கலந்தபோதுதான் கதை உதிர்ந்தது. ஆனால் ஒருவருக்கு விளக்கு எரிந்தாகவேண்டும், இன்னொருவருக்கு வெளிச்சமே ஆகாது என்றால் அந்தச் சண்டையை எந்த ஆய்வும் தீர்க்காது. எனக்குத் தெரிந்த ஒரு ஜோடி இரண்டு அறை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் சந்தித்துக்கொள்கிறார்கள். அவர்கள் வீட்டில் எல்லா டப்பாவிலும் லேபிள் ஒட்டியிருக்கும், விருந்தாளி எப்போது கிளம்பவேண்டும் என்பதும் அழைப்பிலேயே இருக்கும். எனக்கு அந்த வீட்டுக்குப் போவது ரொம்பப் பிடிக்கும்.